கோடை விடுமுறையும் பல்லாங்குழியும்



கோடை விடுமுறையில் சிறு குழந்தைகளைப் பயிற்சி ஏடுகளுக்குள் அடைத்துவைப்பதைக் காட்டிலும், கரிசல் காட்டு வீடுகளில் நெடுங்காலம் ஆடப்பட்ட பல்லாங்குழியை, அதாவது வரிசைக்கு 7 என இரு வரிசைகளில் 14 குழிகள் கொண்ட பலகையில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக இட்டு ஆடும் ஆட்டத்தை, அவர்கள் கையில் கொடுப்பது மிகுந்த பயன் தரும். கையிலுள்ள கொட்டைகள் எந்தக் குழியில் தீரும் என்பதை, அள்ளுவதற்கு முன்பே குழந்தை கண்ணால் எண்ணிப் பார்ப்பது மனக்கணக்கின் தொடக்கமாகும். (மிகச் சிறியவர்கள் கொட்டையை வாயில் போட்டுக்கொள்ளக்கூடும் என்பதால் பெரியவர் ஒருவர் அருகிருக்க வேண்டும்.) மொழிப் பயிற்சிக்கோ, இடைசெவல் கிராமத்தில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (1923–2021) திரட்டிய நாட்டுப்புறக் கதைகளில் சிறுவர்க்கு ஏற்றவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. வெயில் தாழும்வரை வெளியே விட இயலாத மே மாதப் பகற்பொழுதுகளில், இவ்வட்டார நூலகங்கள் பாட்டிமாரை அழைத்து இவ்விரண்டுக்கும் இடமளிக்க முன்வர வேண்டும்.

– வாசகர், கோவில்பட்டி