வேலை கேட்கும் பிராணி: ஜெர்மன் ஷெப்பர்டும் நம் இல்லங்களும்



ஜெர்மன் ஷெப்பர்ட் நாயை வீட்டில் வளர்க்கலாமா என்ற கேள்வி இப்போது நம் குடும்பங்களிலும் எழுகிறது. பிள்ளைகளின் பிடிவாதமும், கைப்பேசியில் காணும் காணொளிகளும் அதற்குத் தூண்டுதலாகின்றன. கேட்போரில் பலர் எச்சில் பட்டால் எத்தனை முறை கழுவுவது என்பதோடு நின்றுவிடுகின்றனர். ஷாஃபிஈ மத்ஹபின்படி ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும் என்பதை மதரஸா மாணவரும் அறிவர். எனினும், அதற்கும் முன்னதாகக் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. அப்பிராணியின் இயல்பு என்ன? அதற்குரிய உரிமையை நம்மால் நிறைவேற்ற இயலுமா?

1899ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்பவர் ஆடு மேய்க்கும் நாய்களிலிருந்து இவ்வினத்தை உருவாக்கத் தொடங்கினார். மந்தையைச் சுற்றி நாளெல்லாம் ஓடுவதும், விலகும் ஆட்டை மறித்துத் திருப்புவதும், மேய்ப்பரின் சைகைக்குக் காத்திருப்பதுமே அதன் தொழில். பின்னர் காவல்துறையும் ராணுவமும் அதனை நாடியதற்கு அந்தக் கூர்மையும் கீழ்ப்படிதலுமே காரணம்.

வளர்ந்த ஆண் நாய் 30 முதல் 40 கிலோ எடையிருக்கும். தன் வீட்டாரிடம் அது காட்டும் பற்று ஆழமானது. கற்பித்ததை விரைவில் கற்றுக்கொள்ளும். ஆனால் அந்நியரை எளிதில் நம்பாது. விருந்தினர் ஓயாது வந்துபோகும் நம் இல்லங்களில் இது சிறிய செய்தியன்று. ஓடியாடும் குழந்தைகளை மந்தையாகக் கருதித் துரத்துவதும், குதிகாலைப் பல்லால் பற்றுவதும் உண்டு. அதில் பகைமை இல்லாதிருக்கலாம். ஆயினும் அவ்வளவு எடை மோதினால் சிறுபிள்ளை கீழே விழும். எவ்வளவு பழகிய நாயாயினும் குழந்தையை அதனுடன் தனியே விடுதல் தகாது.

இத்தகைய பிராணியை மாடிக் குடியிருப்பின் பால்கனியில் கட்டிவைத்தால் என்ன நிகழும்? ஓயாது குரைக்கும், கதவைப் பிறாண்டும், கையில் கிடைக்காத வேலையைக் கடித்துக் குதறுவதில் தேடும். நாளடைவில் அச்சமும் மூர்க்கமும் அதனிடம் குடியேறும். பிறகு "கெட்ட நாய்" என்று பழி சுமத்துகிறோம். அடர்ந்த இரட்டை உரோமத்துடன் நம் கோடை வெயிலில் அது படும் துன்பமும் சேர்ந்துகொள்ளும்.

வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகிய தேவைகளின்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்ததை நாம் அறிவோம். வீட்டுக் காவலையும் இத்தேவைகளோடு ஒப்புநோக்கி அனுமதித்த அறிஞர்கள் உளர். மார்க்கம் அனுமதியைத் தேவையோடும் வேலையோடும் இணைத்திருக்கிறது. இவ்வினத்தின் இயல்பும் வேலையையே கேட்கிறது. ஆடம்பரத்திற்காக அதை வாங்குபவர் மார்க்கத்தின் வரம்பையும் மீறுகிறார். அப்பிராணிக்கும் அநீதி இழைக்கிறார் என்பதே என் கருத்து.

பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடாமல், இரைதேட விடவும் செய்யாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்குரியவளானாள். தாகித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் கொணர்ந்தவர் மன்னிப்புப் பெற்றார். இவ்விரு நபிமொழிகளையும் வெள்ளி மேடைகளில் கேட்கிறோம். வீட்டு வாசலில் மறந்துவிடுகிறோம்.

தோப்போ பண்ணையோ உடையவர்கள், உண்மையான காவல் தேவைக்காக வளர்ப்பதாயின் நாள்தோறும் ஓட இடமும் ஒன்றிரண்டு மணி நேர உழைப்பும் கொடுங்கள். குட்டிப் பருவத்திலேயே மனிதரோடு பழக்குங்கள். வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். நிழலும் நீரும் எப்போதும் இருக்கட்டும். தொழும் இடத்தை வேறாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு இப்போது தடுமாறுவோர், அதைத் தெருவில் விட்டுவிட வேண்டாம். தெருவில் பிழைக்க அதற்குத் தெரியாது. வேலையும் இடமும் உள்ள பண்ணையாரிடம் பொறுப்போடு ஒப்படையுங்கள். அதுவரை அதன் பசியும் தாகமும் உங்கள் கணக்கிலேயே எழுதப்படும்.

பிள்ளை அடம்பிடித்தால் மறுப்பதும் வளர்ப்பின் ஒரு பகுதியே. உயிரொன்று விளையாட்டுப் பொருளன்று என்பதை அவர்கள் நம்மிடமிருந்தே கற்கவேண்டும். வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சி நடப்போராக நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.