தராசு இல்லாத நீதி

1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது, செப்டம்பர் 12 அன்று பிரிட்டிஷ் கேலி இதழான ‘பஞ்ச்’சில் ஜான் டென்னியல் வரைந்த ‘நீதி’ படத்தை இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது, அது கான்பூர் படுகொலைக்காகத் துடித்த ஒரு சமூகத்தின் துக்கம் என்கிறார் நண்பர். துக்கம் உண்மை. கான்பூரின் பீபீகரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதை யாரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை.

ஆனால் படத்தில் இருப்பதைப் பார்ப்போம். நீதிதேவியின் ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம். தராசு ஏந்தக் கை மிச்சமில்லை. சிப்பாய்களை மிதித்து நிற்கிறாள். பின்னால் இந்தியப் பெண்கள் குழந்தைகளோடு அஞ்சி ஒடுங்கியிருக்கிறார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? விசாரணை எங்கே நடந்தது?

பீபீகர் படுகொலை நடந்தது ஜூலை 15. ஆங்கிலேயக் கர்னல் நீல் அலகாபாத்தில் மக்களைக் கூட்டங்கூட்டமாகத் தூக்கிலிட்டதோ ஜூனிலேயே. அந்தத் தூக்குமரங்களுக்கு பீபீகர் எப்படிக் காரணமாகும்?

‘இன்றைய கண்’ என்ற வாதமும் நிற்காது. கண்மூடித்தனமான தண்டனை வேண்டாம் என்று அன்றே சொன்னவர் கவர்னர் ஜெனரல் கானிங். அவரையும் ‘பஞ்ச்’ விடவில்லை. அக்டோபர் 24 இதழில், ரத்தம் சொட்டும் ஆயுதத்தோடு நிற்கும் சிப்பாயின் தலையை அவர் தடவிக்கொடுப்பதாக வரைந்து எள்ளி நகையாடியது. நிதானம் அன்றும் இருந்தது. அதைக் கேலிப்பொருளாக்கி, பழிவாங்கலுக்கு நீதி என்று பெயரிட்டதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.