நிறம் மாறினால் போதுமா?

இழுத்தால் நிறம் மாறும் ரப்பர் என்றதும் நம் எண்ணம் புதுப்பாணி உடைக்கும் கைப்பேசி உறைக்கும்தான் ஓடுகிறது. ஆனால், இதன் உண்மையான பயன் அழகில் இல்லை; எச்சரிக்கையில் இருக்கிறது.

பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜெரமி பாம்பர்க் குழுவினர் ஆராய்ந்த ‘பாலிமர் ஓப்பல்’ என்ற பொருளைப் பாருங்கள். அதன் நிறம் சாயத்தால் வருவதன்று. கடினமான உட்பகுதியும் ரப்பர் போன்ற மேலுறையும் கொண்ட, ஏறத்தாழ 200 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளால் ஆனது அது. முன்னும் பின்னும் வளைத்து அழுத்தும்போது அவை ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. அடுக்குகளுக்கு இடையிலுள்ள தூரமே எந்த நிற ஒளி நம் கண்ணுக்குத் திரும்பும் என்பதை முடிவு செய்கிறது. இழுத்தால் அடுக்குகள் நெருங்கும், சிவப்பு பச்சையாகும். விட்டால் பழைய நிறம் திரும்பும்.

கால் புண்ணுக்கு இறுக்கிக் கட்டும் மீள்துணிக்கு இது பொருத்தமானது. கட்டு தளர்ந்தால் பயனில்லை. மிகையாக இறுகினால் இரத்த ஓட்டம் தடைபடும். சரியான இறுக்கத்தை மின்கலமின்றி நிறமே காட்டினால், வீட்டில் கட்டிவிடுபவருக்கும் புரியும்.

மோட்டார் சைக்கிளோட்டியின் தலைக்கவசத்துக்கு இது உதவுமா? உதவாது. அடி விழுவது ஒரு கணம்தான். உள்ளேயுள்ள நுரைப்பகுதி நசுங்கியிருக்கும். நிறமோ பழையபடி திரும்பியிருக்கும். அந்தக் கவசத்தை நம்பி மறுபடியும் சாலையில் இறங்குவது ஆபத்து.

இங்கே தேவைப்படுவது பட்ட அடியை மறக்காத பொருள். அமெரிக்காவின் ரிவர்சைட் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் யாடோங் யின் குழுவினர் 2014இல் அத்தகைய படலத்தை வெளியிட்டனர். அதில் தங்க நானோ துகள்கள் சங்கிலியாகச் சேர்ந்து நீலமாகத் தெரியும். அழுத்தினால் சங்கிலி பிரிந்து, நிறம் சிவப்பை நோக்கி நகரும். அழுத்தம் நீங்கிய பிறகும் அந்தத் தடயம் அழியாது.

ஆகவே, இத்தகைய பொருள்கள் கடைக்கு வரும்போது ‘நிறம் மாறுமா?’ என்று மட்டும் கேட்டுத் திருப்தி அடையக்கூடாது. அது காட்டுவது இப்போதைய இழுவிசையையா, முன்பு பட்ட அடியையா என்பதைத் தயாரிப்பாளர் தெளிவாக எழுத வேண்டும். தரச் சான்றளிப்போர் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தவறான இடத்தில் பொருத்தப்பட்ட எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லாததைவிட மோசமானது. ஏனெனில் அதை நாம் நம்பிவிடுகிறோம்.