ஆறுதல் பரிசல்ல இரசாயனவியல்

உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் ஒரு மாணவியிடம் "என்னவாகப் போகிறாய்?" என்று கேட்பவருக்குப் பதில் முன்கூட்டியே தெரியும். டொக்டர். அது கிடைக்காவிட்டால்? "ஏதாவது சயன்ஸ் டிகிரி செய்யலாம்தானே" என்பார்கள். அந்த "ஏதாவது" என்ற சொல்லுக்குள்தான் இரசாயனவியலை நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். மருத்துவ பீடத்தின் வாசல் வரை போய்த் திரும்பியவர்களுக்கான ஆறுதல் பரிசாகவே அந்தப் பட்டத்தைப் பார்க்கிறோம். இந்தப் பார்வை மாற வேண்டும் என்பதே என் கருத்து.

உயிரியல், பௌதிக விஞ்ஞானம் ஆகிய இரு பிரிவினரும் படிக்கும் பாடம் இது. இரண்டு வருடங்கள் இதற்காக வகுப்பு வகுப்பாக அலைகிறோம். கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடிக்கிறோம். 50 பல்தேர்வு வினாக்களை இரண்டு மணித்தியாலத்தில் செய்து முடிக்கப் பழகுகிறோம். பரிசோதனைகளுக்கும் தாளில் எழுதியே புள்ளி பெறுகிறோம். ஆனால் இதையே பட்டமாகப் படித்தால் அங்கே என்ன இருக்கும் என்று எங்களுக்கு எவரும் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

அங்கே சேதன, அசேதன, பௌதிக, பகுப்பாய்வு இரசாயனம் என நான்கு பெரும் கிளைகள் இருக்கின்றன. மூன்று ஆண்டில் பொதுப் பட்டம், நான்கு ஆண்டில் சிறப்புப் பட்டம். எங்களுக்குத் தரப்படும் மூலக்கூறின் கட்டமைப்பை, அங்கே படிப்பவர்கள் நிறமாலைகளை வாசித்துத் தாமே கண்டுபிடிக்கிறார்கள். அளவியிலிருந்து விழும் கடைசித் துளியில் பினோத்தலீன் மெல்லிய இளஞ்சிவப்பாக மாறும்போது எங்களில் சிலருக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதை ஆய்வுகூடத்தில் நாள்முழுக்கத் தொடரக் கிடைக்கும் இடம் அது.

"அதைப் படித்து என்ன வேலை?" என்ற கேள்வி அடுத்து வரும். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. அதில் நைத்திரிக் அமிலம் இருந்தது. கரையெங்கும் பிளாஸ்டிக் குறுணிகள் ஒதுங்கின. கடலில் என்ன கலந்திருக்கிறது என்று நாடே கேட்டபோது, அதற்குப் பதில் தேட வேண்டியவர்கள் இரசாயனவியலாளர்கள். வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோயால் வாடும் கிராமங்களின் கிணற்று நீரில் வன்மையையும் புளோரைட்டையும் அளப்பதும் அவர்களே. நீர் வழங்கல் சபை, கட்டளைகள் நிறுவனம், அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம், தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், மருந்து, பெயின்ற், இறப்பர் தொழிற்சாலைகள் என இவர்கள் இல்லாமல் நடக்காத இடங்கள் பல.

எமது சமூகத்துக்கே உரிய தேவையும் உண்டு. மருந்துக் குளிசையின் மேலுறையில் உள்ள ஜெலற்றின் எந்த விலங்கிலிருந்து வந்தது? உணவுச் சுவையூட்டியில் அற்ககோல் எவ்வளவு? உலமாக்கள் தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஓர் ஆய்வுகூட அறிக்கை தேவைப்படுகிறது. அந்த அறிக்கையில் எங்கள் சகோதரி ஒருத்தி கையெழுத்திடக் கூடாதா? சுருமாவைக் குறித்த 'அல்குஹ்ல்' என்ற அறபுச் சொல்தான் அற்ககோல் ஆனது. ஜாபிர் இப்னு ஹய்யானையும் அர்ராஸியையும் மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். எங்கள் நாட்டிலேயே பேராதனையில் பேராசிரியராக இருந்த எம்.யூ.எஸ். சுல்தான்பாவாவை எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் காட்டு மரங்களின் சேர்வைகளை ஆராய்ந்தவர் அவர். மீன் கறிக்குப் போடும் கொறுக்காப்புளி சேர்ந்த தாவரக் குடும்பமும் அவரது ஆய்வில் இருந்தது. முன்னோர் பெருமையைப் பேசுவதோடு நின்றுவிட்டால் அது வெறும் பேச்சாகவே இருக்கும்.

பல்கலைக்கழக அனுமதிக்கு இஸட் புள்ளி தடையானால் வேறு பாதைகளும் இருக்கின்றன. 1941இல் சங்கமாகத் தொடங்கிய இலங்கை இரசாயனவியல் நிறுவனம், இராஜகிரியவில் உள்ள தனது கல்லூரியில் நான்கு ஆண்டுப் பாடநெறியை நடத்துகிறது. 1979இல் ஆரம்பமான பாடநெறி அது. நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. இவற்றுக்குக் கட்டணம் உண்டு. எல்லா வீட்டாலும் அது முடியாது. ஆனாலும் இப்படியொரு பாதை இருப்பதை அறிந்த பிறகுதான் முடியும், முடியாது என்று பேச வேண்டும்.

பெற்றோர் தூரம், தங்குமிடம், பாதுகாப்பு பற்றிக் கேட்பது நியாயமே. ஆனால் மருத்துவம் என்றால் யாழ்ப்பாணம் வரை அனுப்பச் சம்மதிக்கும் அதே வீட்டில், விஞ்ஞானப் பட்டம் என்றதும் "அவ்வளவு தூரமா?" என்ற கேள்வி எழுகிறது. பிள்ளையும் ஒன்றுதான், பாதையும் ஒன்றுதான். மாறியது பட்டத்துக்கு நாம் வைத்த விலை மட்டுமே. கிழக்கில் உள்ளவர்களுக்குச் சம்மாந்துறையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது.

உண்மையான தடை மொழி என்று நான் நினைக்கிறேன். தாங்கற் கரைசல், நியமிப்பு, சமநிலை என்று தமிழில் படித்த நாங்கள், அங்கே முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்கப் போகிறோம். பாடம் தெரிந்தும் பெயர் தெரியாமல் தடுமாறுவோம். இதற்கு நாங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வோர் அலகு முடியும்போதும் கலைச்சொற்களை இரு மொழியிலும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். அதை அடுத்த வகுப்பினருக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். விஞ்ஞான மன்றம், தொழில் வழிகாட்டல் தினத்துக்கு வைத்தியர்களை அழைப்பதோடு, இரசாயனவியல் படித்த பழைய மாணவிகளையும் அழைக்கலாம்.

மருத்துவராக விரும்புபவர் மருத்துவராகட்டும். அல்லாஹ் அவர்களுக்கு உதவி செய்யட்டும். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் தெரிவுகளை வரிசைப்படுத்தும்போது, இரசாயனவியலை விரும்பும் ஒரு மாணவி அதை முதலாவதாக எழுதினால், "ஏன், புள்ளி குறைவா?" என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள்.