"எது நல்ல புரொப்பெல்லர்?" என்பது பிழையான கேள்வி

வீட்டிலேயே சின்ன விமானம் கட்டுற ஆக்களின் வீடியோக்களை எங்கட வயதுக்காரர் எல்லாரும் பார்க்கிறம். கேரளத்தின் சஜி தோமஸ், மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ் என்று பெயர்களும் தெரியும். பார்த்து முடிய வாற முதல் கேள்வி, "எஞ்சின் எத்தனை குதிரைவலு?" புரொப்பெல்லரைப் பற்றி ஆரும் கேட்கிறேல்லை. கேட்டாலும் "எது நல்லது?" என்றுதான். அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை என்பது எங்கள் வாதம்.

ரைட் சகோதரர்கள் முதலில் கப்பல் புரொப்பெல்லரின் கணக்கைத்தான் தேடினார்கள். கிடைத்ததோ பூட்டிப் பார்த்து, சரிவராவிட்டால் மாற்றிப் பார்த்த அனுபவம் மட்டுமே. புரொப்பெல்லர் என்பது சுழலுகிற சிறகு என்று பிடித்துக்கொண்டு தாங்களே கணக்குப் போட்டார்கள். 1903 டிசம்பரில் பறந்த அவர்களின் எஞ்சின் 12 குதிரைவலு அளவுதான். எட்டரை அடி விட்டமுள்ள இரண்டு மரப் புரொப்பெல்லர்கள் அதில் ஏறத்தாழ முக்கால் பங்கைப் பயனுள்ள வேலையாக மாற்றின. எஞ்சினை விடக் கணக்குத்தான் அவர்களைத் தூக்கியது.

நீளமான புரொப்பெல்லர் நல்லது, உண்மைதான். ஆனால் 72 அங்குலப் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 3,300 தரம் சுற்றினால் அதன் நுனி செக்கனுக்கு 316 மீற்றரில் ஓடும். ஒலியின் வேகம் சுமார் 340. அதற்குக் கிட்டப் போகப் போக சத்தம் கூடும், பயன் குறையும். 60 அங்குலம் என்றால் நுனிவேகம் 263 தான். ஃபோக்ஸ்வாகன் கார் எஞ்சினில் நேரடியாகப் பூட்டுறவர்கள் கட்டையானதைப் போடுவதும், ரோட்டக்ஸ் 912 இல் கியர் வைத்துச் சுற்றைக் குறைப்பதும் இதாலதான்.

அடுத்தது பிட்ச். திருகாணி மரத்துக்குள் போற மாதிரி, ஒரு சுற்றில் எவ்வளவு முன்னுக்குப் போகும் என்ற அளவு. குறைந்தால் விமானம் கெதியாக எழும்பும், மேலே வேகம் போதாது. கூடினால் மேலே நல்ல ஓட்டம், ஆனால் எழும்ப நீண்ட ஓடுபாதை வேணும். கட்டை ஓடுபாதைக்காரருக்கும் தூரம் போறவருக்கும் ஒரே புரொப்பெல்லர் எப்படிச் சரிவரும்?

புளியங்கூடலில் இருந்து இதை ஏன் எழுதுறம்? ஊர்காவற்றுறையிலும் குறிகட்டுவானிலும் கட்டிக் கிடக்கிற பிளாஸ்டிக் போட்டுகளுக்கும் இதே கேள்வி இருக்கு. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. பிட்ச் கூடின புரொப்பெல்லரோடு வலை, ஐஸ், ஆக்கள் என்று பாரம் ஏற்றினால் எஞ்சின் மூச்சு வாங்கும், எண்ணெயைக் குடிக்கும். பிட்ச் குறைந்தால் சும்மா கத்தும். பக்கத்துப் போட்டில் இருக்கிறதையே வாங்கிப் பூட்டினால், அவரின்ர பாரத்துக்கான கணக்கை எங்கட காசில் ஓட்டுறம்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. வழமையான பாரத்தோடு முழு வேகத்தில் ஓட்டி, சுற்றுமானியைப் பாருங்கோ. எஞ்சின் கையேட்டில் சொல்லியிருக்கிற அளவுக்கு வருகுதா? குறைந்தால் பிட்ச்சைக் குறைக்க வேணும், கூடினால் கூட்ட வேணும். ஒரு அங்குலத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை மாறும்.

வட்ட இயக்கத்தை ஏ.எல். பௌதிகவியலில் பாடமாக்கி எழுதுறம். அதே கணக்கைத் துறைமுகத்தில் ஒரு பின்னேரம் போட்டுப் பார்த்தால் ஒரு குடும்பத்தின்ர எண்ணெய்ச் செலவு குறையலாம். விமானம் கட்டுற ஆசை இருக்கட்டும், எங்களுக்கும் இருக்கு. ஆனால் போட்டின் புரொப்பெல்லரை அளந்து தெரிவு செய்யப் பழகாதவர் விமானத்தில் அதை அனுமானத்தில் பூட்டக் கூடாது. கடலில் பிழைத்தால் எண்ணெய்தான் போகும். வானத்தில் அப்பிடி இல்லை.