மகாலும் மம்பட்டியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவனியாபுரத்திலிருந்து நாங்கள் முப்பது பேர் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துவரப் போனோம். களையெடுக்கிற பெண்கள், ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்த மில் தோழர்கள், இரண்டு கொத்தனார்கள், பிள்ளைகள். பஸ்ஸில் அரை மணி நேரந்தான். ஆனாலும் எங்களில் பாதிப் பேர் அதுவரை மகாலுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. "அதெல்லாம் வெளியூர்க்காரங்க பாக்குறது" என்றார் ஓர் அம்மாள். அந்த ஒரு பேச்சுக்காகவே இதை எழுதுகிறோம்.

உள்ளே ஒரு வழிகாட்டி பிடித்துக்கொண்டார். 1636-ல் மன்னர் மகாலைக் கட்டினார், மன்னர் தூண் நிறுத்தினார், மன்னர் குளம் வெட்டினார் என்று மூச்சு விடாமல் அடுக்கினார். கூட வந்த கொத்தனார் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ராசாவே சாரத்துல ஏறுனாராக்கும்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். வழிகாட்டி சிரிக்கவில்லை.

வேடிக்கைக் கேள்வியா அது? சொர்க்கவிலாசத்து வளைவுகள் செங்கல் வேலை. மேலே பூசியிருப்பது கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த சாந்து. கிளிஞ்சலைப் பொறுக்கி, சூளையில் சுட்டு, நீற்றி, அரைத்து, கையகலம் கையகலமாகத் தேய்த்து மெருகேற்றியவர்கள் எத்தனை பேர்? அந்த மெருகுக்கு என்ன பாடு படவேண்டும் என்பது கரணை பிடித்தவனுக்குத் தெரியும். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளந்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் ஆயிற்று என்று மதுரை ஜனங்கள் சொல்வார்கள். அங்கே தோண்டும்போது கிடைத்ததாகச் சொல்லப்படும் முக்குறுணிப் பிள்ளையாருக்கு மீனாட்சி கோயிலில் இடம் கிடைத்தது. அவரைத் தோண்டியெடுத்த மம்பட்டிக்காரனுக்கு என்ன கிடைத்தது?

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் வழிகாட்டி சொல்லவில்லை. நாயக்கர் சீமை 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பாளையக்காரர் குடியானவனிடம் வசூலித்ததில் மூன்றில் ஒரு பங்கு மதுரைக்கு வந்தது. சம்சாரியின் களத்து நெல்தான் இந்தத் தூண்கள், ஐயா!

சரி, ராஜவம்சமாவது இதைக் காப்பாற்றியதா? இல்லை. பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது, இங்கிருந்ததைப் பெயர்த்துக்கொண்டு போனார். இன்று நிற்பது கால்வாசிதான் என்கிறார்கள். தெருவுக்குள் தனித்து நிற்கும் பத்துத் தூண் அதற்குச் சாட்சி. பிறகு வெள்ளைக்காரன் வந்தான். 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு இடிபாட்டைச் செப்பனிட்டார். ஜில்லா கோர்ட்டு 1970 வரை இதற்குள்தான் நடந்தது. நிலத்தகராறு வாய்தாவுக்குக் கட்டுச்சோற்றுடன் வந்து, இதே தூணடியில் குந்தியிருந்த பாட்டனைப் பற்றி எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் சொன்னார். அந்தப் பாட்டன் தூணின் அழகைப் பார்த்திருப்பாரா?

அரண்மனையைச் சூழ்ந்திருந்த நந்தவனமும் தடாகமும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் அடியில் போய்விட்டன. இதைச் சொன்னதும் ஒரு பெண்பிள்ளை, "நம்ம வெள்ளக்கல்லுல நந்தவனம் வைக்க மாட்டாங்களா?" என்றாள். மதுரைக் குப்பை வந்து சேரும் இடம் வெள்ளக்கல். நகரத்துக்குப் பூங்கா, அவனியாபுரத்துக்குக் குப்பைமேடு என்பது எந்த ஊர் நியாயம்?

நம்மவர்களிலேயே சிலர், "ராஜாவின் ஆடம்பரம், நமக்கென்ன?" என்று ஒதுங்குகிறார்கள். பெரிய தப்பு, தோழர்களே! உழைத்தவனுடைய சொத்தை மன்னர் பெயருக்கே எழுதிக் கொடுப்பதற்குச் சமம் அது. 1789 அக்டோபரில் பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சேல்ஸ் அரண்மனைக்கு நடந்தே போனார்கள், ராஜாவைக் கையோடு பாரிசுக்கு அழைத்தும் வந்தார்கள். அந்த அரண்மனையை யாரும் கொளுத்திவிடவில்லை. இன்று உலகமே போய்ப் பார்க்கிறது.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. செங்கல் எப்படி அறுத்தார்கள், சாந்து எப்படி அரைத்தார்கள், வரி யார் கொடுத்தார்கள் என்று தமிழில் ஒரு பலகையைச் சர்க்கார் மகாலுக்குள் வைக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திப் படிக்கச் சொல்லட்டும்.

திரும்பும்போது அந்தக் கொத்தனார் மறுபடியும் போய்த் தூணைத் தடவிப் பார்த்தார். "இந்தப் பூச்சு இப்ப நம்மால ஆகாது" என்றார். அடுத்த மாதம் வில்லாபுரம் தோழர்களும் வருகிறார்கள். அவரும் வருகிறார், இந்தத் தடவை தம் பேரனோடு.