திருவண்ணாமலையின் துறைமுகம்

கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள திருவண்ணாமலையைத் துறைமுகப் பட்டினமென்று நாம் கூறினால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்து செல்லும் ஜனசமுத்திரத்தைக் கண்டவர்கள் நம்முடன் வாதிட மாட்டார்கள். தெலுங்கும் கன்னடமும் ஐரோப்பிய பாஷைகளும் அவ்வீதிகளில் தமிழுடன் கலந்து ஒலிக்கின்றன. 1896-ம் வருஷத்தில் மதுரையினின்று வந்து சேர்ந்த ஓர் இளைஞர் ரமண மகரிஷியாக விளங்கியபின், கடல் கடந்தும் அன்பர்கள் அவ்வூரை நாடி வரலாயினர். கப்பல்களால் பட்டினம் வாழ்வதுபோல, யாத்ரிகர்களால் இவ்வூர் வாழ்கிறது.

துறைமுகங்களின் சரித்திரம் நமக்கு ஒரு பாடம் புகட்டுகிறது. முத்துக்குப் பேர்போன பாண்டியரின் கொற்கை, பகைவர் படையால் அழியவில்லை. தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் விலகவே, கப்பல்களும் விலகின. அதன்பின் தழைத்த காயலுக்கும் அதே கதி நேர்ந்தது. துறை தூர்ந்தால் பட்டினத்துக்கு வாழ்வில்லை.

திருவண்ணாமலையின் துறை எது? 217 அடி உயரமுள்ள ராஜகோபுரமன்று. அதற்கும் முற்பட்ட மலையேயாகும். அம்மலையின் நிலை என்ன? 2024 டிசம்பர் 1-ந் தேதி, பெஞ்சல் புயலின் பெருமழையில் மண்ணும் பாறையும் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டைப் புதைத்தன. குழந்தைகள் ஐவர் உள்பட எழுவர் மாண்டனர். அவ்வாண்டுத் தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

மழையைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால், மலைச்சரிவில் மனிதர் குடியிருக்க நேராதபடி செய்வது சர்க்காரால் இயலாத காரியமன்று. ஏழைகள் ஆசைப்பட்டுச் சரிவில் ஏறவில்லை. சமவெளியில் மனைவிலை ஏறியதால் அங்கே ஒதுக்கப்பட்டனர். ஆகவே, வேறிடத்தில் வீடு கொடுத்த பின்னரே அவர்களை அகற்றுவது நியாயம். ஏழையின் குடிசையைப் பிரித்துவிட்டுச் செல்வரின் மாளிகையைக் காணாததுபோல் இருப்பதை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளோம். மழைநீர் இறங்கும் ஓடைகளும், அது சென்று நிறையும் குளங்களும் ஆக்கிரமிப்பினின்று மீட்கப்படல் வேண்டும்.

யாத்ரிகர்களுக்கும் கடமை உண்டு. மலையையே சிவனென்று வணங்கிச் சுற்றி வருபவர், அதன் அடிவாரத்தில் குப்பையை எறிந்து செல்வது எவ்வகை பக்தி? கொற்கைத் துறையை ஆறு தூர்த்தது. அண்ணாமலையின் துறையை நாமே தூர்க்கலாமா?